மாட்டை மறித்தார்கள், பீப்பாய் போனது

1667 ஜனவரியில் இங்கிலாந்து நாடாளுமன்றம், அயர்லாந்திலிருந்து வந்து இறங்கும் மாடு ஒரு ‘பொதுத் தொல்லை’ என்று சட்டம் போட்டது. அந்த நேரத்தில் இங்கிலாந்துக்கு வேறு தொல்லைக்குப் பஞ்சமில்லை. 1665இல் கொள்ளைநோய் வந்து லண்டன்வாசிகளை வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போனது. 1666 செப்டம்பரில் மிச்சம் இருந்த ஊரில் தீப்பிடித்தது. கடலில் டச்சுக்காரர்கள் பீரங்கியோடு உலாத்திக்கொண்டிருந்தார்கள். கஜானாவில் எலி ஓடியது. இத்தனையையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, நாட்டின் பெருந்தனக்காரர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியது மாட்டோடு.

அவர்கள் கவலை இதுதான்: நிலத்துக்கு வரும் குத்தகை குறைந்துகொண்டே போகிறது. குத்தகை குறைந்தால் பட்டுச் சட்டை குறையும், பொய்முடி குறையும், சூதாட்டம் குறையும். இதற்கு யாராவது காரணமாக இருந்தாக வேண்டும். அயர்லாந்து மாடு மலிவாக வந்து சந்தையைக் கெடுக்கிறது என்றார்கள். மாடு மறுத்துப் பேசவில்லை. 1663இலேயே ஒரு சட்டம் போட்டு, வருஷத்தின் பிற்பாதியில் வரும் மாட்டுக்குத் தலைக்கு இரண்டு பவுண்டு என்று தீட்டினார்கள். அதுவும் போதவில்லை. இந்த முறை மாடு, ஆடு, பன்றி, அவற்றின் இறைச்சி என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கதவு, ஒரே பூட்டு.

ராஜா இரண்டாம் சார்லஸுக்கு இந்தச் சட்டத்தில் இஷ்டமில்லை. அவர் தம் அதிகாரத்தை வைத்து வேண்டியவர்களுக்கு விலக்குக் கொடுத்துவிடுவாரோ என்று மக்களவைக்குச் சந்தேகம். ‘தொல்லை’ என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால் ராஜாவே நினைத்தாலும் விலக்குத் தர முடியாது என்பது வக்கீல் மூளை. பிரபுக்கள் சபையில் பலருக்கு அந்தச் சொல் தொண்டையில் சிக்கியது. ‘தொல்லை’ வேண்டாமென்றால் ‘பெருங்குற்றம்’ என்று போடுவோமே என்றார் ஆஷ்லி பிரபு. அதற்கு ‘கள்ளத்தொடர்பு’ என்று போட்டாலும் பொருத்தமாகத்தான் இருக்கும் என்று சான்சலர் கிளாரெண்டன் திருப்பிக் கொடுத்தார். இதைப் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்பில் எழுதியும் வைத்தார். நல்ல பதிலடி கொடுத்தவர்கள் அதை வீணாகப் போக விடுவதில்லை.

மசோதாவின் பெரிய ரசிகர் பக்கிங்ஹாம் கோமகன். இதை எதிர்ப்பவர்களுக்கு ஒன்று அயர்லாந்தில் சொத்து இருக்க வேண்டும், இல்லையென்றால் அயர்லாந்து அளவுக்குத்தான் புத்தி இருக்க வேண்டும் என்ற பொருளில் சபையில் பேசினார். அயர்லாந்தின் ஆளுநர் ஆர்மண்டின் மகன் ஆசரி பிரபு அங்கேயே உட்கார்ந்திருந்தார். ரத்தம் கொதித்தது. வாளோடு செல்சீ மைதானத்துக்கு வா என்று சவால் விட்டார். ஆசரி போய்க் காத்திருந்தார், காத்திருந்தார், காத்துக்கொண்டே இருந்தார். பக்கிங்ஹாமும் வாளோடு கிளம்பத்தான் செய்தார். போய் நின்றது வேறொரு மைதானத்தில். வீரத்துக்குக் குறைவில்லை, விலாசத்தில்தான் பிழை. கடைசியில் சவால் விட்டவர் லண்டன் கோட்டைச் சிறைக்கும், வழி தவறியவர் சபைக் காவலருடைய பிடிக்கும் போனார்கள். அதே கூட்டத் தொடரில் பக்கிங்ஹாம் இன்னொரு பிரபுவின் பொய்முடியைப் பிடித்து இழுக்க, அவர் பதிலுக்கு இவருடைய சொந்த முடியையே ஒரு கை பறித்த சம்பவமும் உண்டு. அது வேறு விவகாரம், மாட்டுக்கு அதில் பங்கில்லை.

இந்த ரகளை நடக்கும்போதே, தீயில் வீடிழந்த லண்டன் ஏழைகளுக்கு என்று அயர்லாந்துப் பிரமுகர்கள் ஆயிரக்கணக்கில் மாடுகளைத் தருமமாக அனுப்ப முன்வந்தார்கள். அவர்களிடம் பணம் இல்லை, மாடு இருந்தது. பசித்தவனுக்குச் சோறு என்று நீங்களும் நானும் நினைப்போம். தருமத்தின் பெயரால் மாட்டை உள்ளே நுழைக்கப் பார்க்கிறான் ஐரிஷ்காரன் என்று நினைத்தது நாடாளுமன்றம்.

ராஜாவுக்குப் போர்ச் செலவுக்குப் பணம் வேண்டும். பணம் தரும் அதிகாரம் மக்களவையிடம். கையெழுத்துப் போட்டார். இங்கிலாந்தின் கதவு மூடியது. ஆனால் அந்தப் பூட்டில் ஒரு ஓட்டை இருந்தது. மாடும் கறியும் இங்கிலாந்துக்குள் வரக்கூடாது என்றுதான் சட்டம் சொன்னது. அயர்லாந்திலேயே மாட்டை வெட்டி, உப்பு போட்டு, பீப்பாயில் அடைத்து, கடலில் போகும் கப்பலுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் விற்றால்? அதற்குத் தடை இல்லை. அந்த ஓட்டை வழியாக வெளியே வந்ததுதான் கார்ன்ட் பீஃப் என்னும் உலக வியாபாரம். எந்தப் பாட்டியும் கைப்பக்குவமாகக் கண்டுபிடித்துப் பேத்திக்குச் சொல்லித் தந்த பண்டமாக அது வளரவில்லை. அதை ஊதிப் பெரிதாக்கியது ஒரு நாடாளுமன்றம், அதுவும் தெரியாமல்.

உப்பு

கார்ன்ட் பீஃபை வீட்டில் செய்வது சுலபம். சுமார் இரண்டேகால் கிலோ பிரிஸ்கெட் வேண்டும். மாட்டின் முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கும் நெஞ்சுக்கறி அது. நாள் முழுக்க உடல் பாரத்தைத் தாங்கி நடக்கும் தசை என்பதால் நாரும் ஜவ்வும் அதிகம், அதனால் விலை கம்மி. ஒரு பெரிய பாத்திரத்தில் நான்கு லிட்டர் தண்ணீர், 350 கிராம் உப்பு, 100 கிராம் சர்க்கரை, ஒரு கைப்பிடி மசாலா: கடுகு, கொத்தமல்லி விதை, மிளகு, கிராம்பு, பட்டை, பே இலை, நசுக்கிய பூண்டு. கொதிக்கவைத்து, உப்பு கரைந்ததும் இறக்கி, நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு கறியைப் போட்டால் ஊறாது, அரைவேக்காடாகிவிடும்.

உப்பு செய்யும் வேலையில் மாயம் எதுவும் இல்லை. அது கறிக்குள் மெல்ல இறங்குகிறது. கிருமிகள் குடித்து வாழ வேண்டிய ஈரத்தைத் தன்னோடு கட்டிப்போடுகிறது. நம் ஊரில் ஆட்டுக்கறிக்கு மஞ்சளும் உப்பும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் தொங்கவிட்டால் உப்புக்கண்டம் ஆகிவிடும். அயர்லாந்தில் அப்படித் தொங்கவிட்டால் மழை வந்து கழுவி வைத்துவிட்டுப் போகும். ஆகவே காய வைக்க வழியில்லாத ஊர், ஊற வைத்தது.

அயர்லாந்தின் தென்கோடியில் இருக்கும் கார்க் நகரத்துக்கு எல்லா வசதியும் ஒன்றாக அமைந்தன. சுற்றிலும் புல், புல்லின்மேல் மாடு, வாசலில் கப்பல் கூட்டமே வந்து நிற்கக்கூடிய ஆழமான துறைமுகம். உப்புக்கு அங்கே வரி குறைவு. போர்ச்சுகலின் செத்தூபலிலிருந்து பெரிய பெரிய பரல்களாக வரும் கடலுப்பு, கறிக்கு மெதுவாக, ஆழமாகப் பிடித்தது. கோடைப்புல் தின்று மாடு கொழுத்திருக்கும் ஆகஸ்ட் கடைசியில் வெட்டு தொடங்கினால் வருஷம் மாறும்வரை நிற்காது. வெட்டுபவர், துண்டு போடுபவர், உப்புத் தேய்ப்பவர், பீப்பாய் செய்பவர், வளையம் அடிப்பவர் என்று ஊரே ஒரு சமையல்கட்டாக மாறும். சமைத்தது அத்தனையும் கப்பலேறும்.

ஊர்க்காரர்களுக்கு என்ன மிஞ்சியது? குடல், இரைப்பை, சிறுநீரகம், ரத்தம். இன்றும் கார்க் நகரத்தின் பெருமைக்குரிய பண்டம், மாட்டின் இரைப்பையும், டிரிஷீன் என்ற ரத்தக் குடல்வடையும் சேர்ந்த ஒரு தட்டு. 1788இல் திறந்த ‘இங்கிலீஷ் மார்க்கெட்’டில் இன்றும் அது கிடைக்கிறது. ஐரோப்பாவின் மாட்டிறைச்சித் தலைநகரம் தன் பாரம்பரிய உணவாக வைத்திருப்பது மாட்டிறைச்சி போன பிறகு தொட்டியில் மிஞ்சியதை. அதற்கு மார்க்கெட்டின் பெயரும் பொருத்தம்தான்.

மாடு மேய நிலம் வேண்டும் என்பதால் மனிதர்கள் ஒதுங்கினார்கள். ஒதுங்கிய மனிதர்களுக்குத் துண்டு நிலத்தில் விளையும் உருளைக்கிழங்கு போதும் என்று முடிவானது. முடிவு செய்தவர்கள் உருளைக்கிழங்கு தின்பவர்கள் அல்ல. ஏழைகளின் குழந்தைகளைக் கறிக்கு விற்றுவிடலாமே என்று ஜோனதன் ஸ்விஃப்ட் 1729இல் டப்ளினிலிருந்து ஒரு நையாண்டி எழுதி வெளியிட்டார். பக்கத்துத் துறைமுகங்களில் கறி பீப்பாய் பீப்பாயாக ஏறிக்கொண்டிருக்க, அதை வளர்த்த நாடு பட்டினி கிடந்த காலம் அது. யோசனை விபரீதமாகத் தெரியலாம். ஏற்றுமதிக் கணக்குப் போடுபவர்களுக்கு ஒரு வரிதான் கூடியிருக்கும்.

வெடியுப்பு

இப்போது பாத்திரத்துக்கு இன்னொரு உப்பு வேண்டும். கார்ன்ட் பீஃபின் ரோஜா நிறம் சாதாரண உப்பால் வருவதில்லை. அந்தக் காலத்தில் அதற்கு வெடியுப்பு போட்டார்கள். ஆமாம், துப்பாக்கி மருந்தில் முக்கால் பங்கு இருக்கும் அதே பொட்டாசியம் நைட்ரேட். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டனுக்கு அது மூட்டை மூட்டையாக வந்தது பாட்னா வட்டாரத்திலிருந்து. பீகாரின் மண்சுவர்களிலும் மாட்டுக்கொட்டில் தரையிலும் பூக்கும் உப்பை நோனியா சமூகத்தார் சுரண்டி, கரைத்து, காய்ச்சி எடுக்க, கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் கப்பலின் அடித்தளத்தில் நிரப்பிக்கொண்டு போனது. பீகார் மாட்டின் மூத்திரம் ஊறிய மண், ஐரோப்பியப் போர்களில் வெடித்தது. அதே சரக்கு சமையலறையில் செத்த மாட்டுக்குச் சாயம் பூசியது. பிரிட்டிஷ் பேரரசு ஒரு பொருளையும் வீணாக்கியதில்லை.

வெடியுப்பு ஏன் கறியைச் சிவக்க வைக்கிறது என்பது நூற்றாண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாது. சிவந்தது, போட்டார்கள். 1901இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி அந்த முடிச்சை அவிழ்த்தார். சுரங்கத்து விஷ வாயுவைத் தானே முகர்ந்து பார்த்து ஆராய்ந்தவர் அவர். உப்புக்கறியெல்லாம் அவருக்கு ஓய்வு நேரப் பொழுதுபோக்காக இருந்திருக்கும். கிருமிகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்குகின்றன, அதிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு தசையின் சிவப்பு நிறமியோடு ஒட்டிக்கொள்கிறது, அதன்பின் எவ்வளவு வேகவைத்தாலும் சிவப்பு போகாது. அப்படியானால் நைட்ரைட்டையே நேராகப் போட்டால் என்ன என்று அடுத்த தலைமுறை கேட்டது. அமெரிக்கா அதற்கு 1925இல் அனுமதி கொடுத்தது.

இன்று கடையில் ‘பிங்க் சால்ட்’ என்று விற்பது அதுதான்: சாதா உப்பில் 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட். நம் நான்கு லிட்டருக்கு 25 கிராம் போதும். கறியைக் கெடுத்து ஆளைக் கொல்லும் பாட்டுலிசக் கிருமியை அடக்குவதும் இதுவே. ஆனால் இதுவும் அளவு மீறினால் விஷம். சாப்பாட்டு உப்பு என்று யாரும் அள்ளிப் போட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான் அதற்கு ரோஜா நிறம் ஏற்றியிருக்கிறார்கள். பிறகு யாரோ இமயமலை இந்துப்பை அதே நிறத்தில் அதே ‘பிங்க் சால்ட்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கி, அந்த முன்யோசனையில் மண்ணைப் போட்டார்கள். இரண்டும் வேறு வேறு. இந்துப்பைப் போட்டால் கறி சிவக்காது. நைட்ரைட் உப்பை ரசத்தில் போட்டால் ஆம்புலன்ஸ் வரும். எதையும் போடாமலும் செய்யலாம். பாஸ்டன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கார்ன்ட் பீஃப் உண்டு, அந்த ஊர்க்காரர்கள் அதுதான் அசல் என்று சண்டைக்கே வருவார்கள்.

ஆறிய உப்புநீரில் கறியை முழுக்கி, மிதக்காமல் இருக்க மேலே ஒரு தட்டை வைத்து அழுத்தி, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஐந்து நாள் விடுங்கள். ஐந்து நாள் ரொம்ப நாளாகத் தெரிந்தால் கப்பல்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடல்

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிக்கு வாரம் 4 பவுண்டு மாட்டுக்கறி, 2 பவுண்டு பன்றிக்கறி, தினம் ஒரு கேலன் பீர். கரையில் இருந்த ஏழைக்கு இது விருந்து. காகிதத்தில். பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்த கறியைத் தொட்டியில் போட்டு ஊறவைத்தால்தான் பானைக்குப் போகும் பக்குவத்துக்கு வரும். அதற்கும் மசியாத துண்டுகளை மாலுமிகள் கத்தியால் செதுக்கி மூக்குப்பொடி டப்பா செய்துகொண்டார்களாம். மெருகேற்றினால் மரம் மாதிரியே பளபளக்குமாம். கொதிக்கும்போது மேலே மிதக்கும் கொழுப்பு சமையல்காரரின் மாமூல் வருமானம். வழித்து எடுத்து, துறைமுகத்தில் மெழுகுவத்தி செய்பவரிடம் விற்றுவிடுவார். கப்பல் கணக்கரோ அதற்கும் மேல். ஊருக்கெல்லாம் 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு, அவருக்கு மட்டும் 14. மிச்சம் இரண்டு ‘சேதாரம்’. நகைக்கடைக்குப் போய்வந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. 1797இல் ஸ்பிட்ஹெட்டில் கடற்படை மாலுமிகள் கலகம் செய்தபோது, சம்பளத்தோடு சேர்த்து அவர்கள் கேட்டது பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ். உலக வரலாற்றில் இதைவிட நியாயமான புரட்சிக் கோரிக்கையைக் காட்டுவது கடினம்.

கார்க் வியாபாரிகளுக்குத் தேசபக்தி உண்டு. அது வாங்குபவரின் தேசத்தைப் பொறுத்தது. நல்ல கொழுத்த துண்டுகள் பிரிட்டிஷ் கப்பலுக்கு. கிழட்டுப் பசுவின் கறி பிரெஞ்சுக்காரர்களுக்கு. பிரிட்டனும் பிரான்சும் நடுக்கடலில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டபோது, இரண்டு தரப்பு வயிற்றிலும் கார்க் மாடு இருக்க நிறைய வாய்ப்பிருந்தது. போர் வந்தால் லண்டன் ஏற்றுமதித் தடை போடும். தடை வந்தால் விலை ஏறும். விலை ஏறினால் சரக்குக்கு எப்படியோ வழி பிறக்கும்.

பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போன அந்த மட்டக்கறி யாருடைய தட்டுக்குப் போனது என்பதில் சிரிக்க எதுவும் இல்லை. பதினான்காம் லூயி 1685இல் கொண்டுவந்த அடிமைச் சட்டத்தில், கரும்புத் தோட்டத்து அடிமைக்கு வாரம் இரண்டு பவுண்டு உப்பு மாட்டுக்கறி, அல்லது மூன்று பவுண்டு மீன் என்று எழுதியிருந்தது. எழுதியதைக்கூடப் பல முதலாளிகள் கொடுக்கவில்லை. தன் மாட்டைத் தின்ன முடியாத ஐரிஷ் உழவர் வளர்த்தது, தன் உழைப்பையே சொந்தம் கொண்டாட முடியாத ஆப்பிரிக்கர் வயிற்றுக்குப் போனது. நடுவில் இருந்தவர்கள் இரண்டு கரையிலும் மாளிகை கட்டினார்கள்.

நெப்போலியன் 1815இல் தோற்றதும் கடற்படைக் கொள்முதல் சுருங்கியது, பீப்பாய் வியாபாரம் படுத்தது. இங்கிலாந்துத் தடையெல்லாம் அதற்கு வெகு முன்பே, 1750களின் கடைசியில், தளர்ந்துவிட்டது. பொதுத் தொல்லையாக இருந்த மாடு இப்போது உயிரோடு, மரியாதையாக, டிக்கெட் எடுக்காத குறையாக இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1845இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து சுமார் பத்து லட்சம் பேர் செத்தபோதும் மாட்டுக் கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. இன்னொரு பத்து லட்சம் பேர் வேறு கப்பல்களில் ஏறினார்கள், பெரும்பாலும் அமெரிக்காவுக்கு.

நியூயார்க்

அங்கே போய் இறங்கிய ஐரிஷ்காரருக்கு வாழ்க்கையில் முதல் அதிர்ச்சி: மாட்டுக்கறி மலிவு. ஊரில் எட்டாக் கனியாக, துரை வீட்டுத் தட்டில் மட்டும் பார்த்தது இங்கே கூலிக்காரன் கைக்கு எட்டுகிறது. ஊரில் நல்லநாள் பெரியநாளுக்கு அவர்கள் ஆசைப்பட்டது உப்புப் பன்றிக்கறியும் முட்டைக்கோஸும். அந்தப் பன்றிக்கறி இங்கே விலை கூடுதல். சரி, மாடு.

யாரிடம் வாங்கினார்கள் என்பதற்கு ஓர் அழகான கதை உண்டு. கீழ்மன்ஹாட்டனில் அக்கம்பக்கத்தில் குடியிருந்த யூதர்களின் கறிக்கடையில் பிரிஸ்கெட்டை வாங்கி, ஐரிஷ்காரிகள் முட்டைக்கோஸோடு ஒரே பானையில் போட்டார்களாம். யூதக் கடையில் பிரிஸ்கெட் குவிந்து கிடந்ததற்குக் காரணம் வேதாகமத்தில் இருக்கிறது. யாக்கோபு ஓர் இரவு முழுக்கத் தேவதூதனோடு மல்யுத்தம் செய்து தொடைச்சந்து சுளுக்கிக்கொண்டார். அன்றிலிருந்து தொடைச்சந்து நரம்பை யூதர்கள் தின்பதில்லை. அந்த நரம்பைத் தோண்டியெடுப்பது பெரும்பாடு என்பதால் பின்பாதி மாட்டையே வேறு ஆளுக்கு விற்றுவிட்டு முன்பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முன்பாதியில் இருப்பது பிரிஸ்கெட். ஆகவே யாக்கோபு அன்று சீக்கிரம் தூங்கியிருந்தால் அமெரிக்க ஐரிஷ் சமையல் வேறு திசையில் போயிருக்கும்.

கதையில் ஒரே சிக்கல், நாள்காட்டி. ஐரிஷ்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தது 1840களிலும் 50களிலும். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அலையாக வந்தது 1881க்குப் பிறகு. முதல் முப்பது வருஷம் ஐரிஷ்காரர்கள் கறிக்கடை வாசலில் கியூவில் நின்றுகொண்டா இருந்தார்கள்? உப்புக்கறி அமெரிக்காவில் ஏற்கனவே எல்லோருடைய பீப்பாயிலும் இருந்தது. ஐரிஷ்காரர்கள் மலிவாகக் கிடைத்ததை வாங்கினார்கள், பிறகு வந்த யூதக் கடைகள் அதை ருசியாக்கின என்பதே உண்மைக்குப் பக்கத்தில் வரும். ஆனால் உண்மைக்குப் பக்கத்தில் வருவதையெல்லாம் பண்டிகையில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

1913இல் ஜார்ஜ் மெக்மானஸ் வரைய ஆரம்பித்த ‘பிரிங்கிங் அப் ஃபாதர்’ சித்திரத் தொடரில் இதற்கு முத்திரையே விழுந்தது. ஜிக்ஸ் என்ற ஐரிஷ் கூலிக்காரருக்குத் திடீர்ப் பணம் வந்துவிடுகிறது. மனைவி மேகிக்கு மேல்தட்டுக்குப் போக ஆசை. ஜிக்ஸுக்கோ டிண்டி மூர் கடைக்குப் போய்க் கார்ன்ட் பீஃபும் முட்டைக்கோஸும் தின்றால் போதும். சன்னல் வழியாக அவர் நழுவுவதும் பூரிக்கட்டையோடு அவள் காத்திருப்பதும் பல பத்தாண்டு ஓடியது. கார்க்கில் துரைமார் ஏற்றுமதி செய்த பண்டம், மன்ஹாட்டனில் துரைத்தனத்துக்கு எதிரான கலகச் சாப்பாடாக மாறிவிட்டது.

டப்பா

இதற்கிடையே பண்டத்துக்கு ஒரு தகர ஜென்மமும் உண்டு. 1875இல் சிகாகோவில் வில்லியம் வில்சன் என்பவர் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் ஒரு டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். திறந்து தட்டினால் கறி முழுசாக வழுக்கி வந்து விழும். உருகுவேயின் ஃப்ரே பென்டோஸ் ஊரில் லீபிக் கம்பெனி மாட்டை டப்பாவாக மாற்றும் பெரும் ஆலையை நடத்தியது. அந்த ஆலை 2015இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமும் ஆகிவிட்டது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய் காலையும் மாலையும் அந்த டப்பாவையே தின்று தீர்த்தார். 1917 ஆகஸ்டில் பெல்ஜியத்துச் சேற்றில் சிக்கிய ஒரு டாங்கியின் பெயரே ‘ஃப்ரே பென்டோஸ்’. உள்ளே அடைபட்ட ஒன்பது பேர் மூன்று நாள் வெளியே வர முடியாமல் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர் வைத்தவர் நகைச்சுவைக்காக வைத்திருக்கலாம். போர்க்களத்துக்கு நகைச்சுவை புரிவதில்லை.

1964இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் டைஃபாய்டு பரவி 400 பேருக்கு மேல் படுத்தார்கள். விசாரித்துக்கொண்டே போனால் குற்றவாளி ஓர் அர்ஜென்டினா டப்பா. சூடான டப்பாவைச் சுத்திகரிக்காத ஆற்றுத் தண்ணீரில் குளிர வைத்திருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாக ஆறு உள்ளே போயிருக்கிறது. பிறகு கடையில் கறி வெட்டும் எந்திரம் அதை மற்ற கறிகளுக்கும் பகிர்ந்தளித்தது. ஊர் பயம் தெளிய அரசியே நேரில் வந்து கையசைக்க வேண்டியிருந்தது.

அடுப்பு

ஐந்து நாள் ஆகிவிட்டது. கறியை எடுத்துக் குழாயடியில் நன்றாகக் கழுவுங்கள். உப்புநீரைக் கொட்டிவிடுங்கள், சிக்கனம் பார்த்து அதிலேயே வேகவைத்தால் கடற்படையில் சேர்ந்த அனுபவம் கிடைக்கும். புதுத் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் மசாலா போட்டு, மூன்று மணி நேரம் மெல்லிய தீயில் வையுங்கள். தளதளவென்று கொதிக்கக்கூடாது, ஓரத்தில் குமிழி எட்டிப் பார்த்தால் போதும். ஜவ்வு உருகி நார் பிரியத் தொடங்கும்போது உருளைக்கிழங்கைப் போடுங்கள். கடைசிக் கால் மணியில் முட்டைக்கோஸ். வெட்டும்போது நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே ஓரத்திலிருந்து நடுவரை ஒரே ரோஜா நிறம் இருந்தால் உப்பு சரியாக இறங்கியிருக்கிறது. நடுவில் மட்டும் சாம்பல் வட்டம் தெரிந்தால் இன்னும் ஒரு நாள் ஊறியிருக்க வேண்டும், தின்னலாம், தப்பில்லை. மிச்சத்தை மறுநாள் காலை உருளைக்கிழங்கோடு பொடியாக நறுக்கி, வாணலியில் முறுகவிட்டு, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் முதல்நாள் விருந்தே தோற்றுப்போகும்.

அமெரிக்காவில் இதைச் சமைக்கும் பெரிய நாள் மார்ச் 17, புனித பாட்ரிக் திருநாள். அது எப்போதும் தவக்காலத்தில் வந்து விழும். சில வருஷம் வெள்ளிக்கிழமையில் விழும். கத்தோலிக்கருக்கு அன்று இறைச்சி ஆகாது. 2017இலும் 2023இலும் அப்படி விழுந்தபோது அமெரிக்க ஆயர்கள் பலர் கூடி யோசித்து, இறைச்சி விலக்கிலிருந்து விலக்கு அளித்துச் சுற்றறிக்கை அனுப்பினார்கள். சிலர் அதற்குப் பதிலாக வேறொரு நாளில் விரதம் இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். இங்கிலாந்து பிரபுக்கள் முடுக்கிவிட்ட, பீகார் உப்பில் சிவந்த, யூதக் கடையில் ருசி கண்ட, அயர்லாந்தில் அன்றைக்கு யாரும் தேடாத ஒரு கறியை, அயர்லாந்தின் புனிதர் பெயரைச் சொல்லித் தின்பதற்கு ரோமாபுரித் திருச்சபையின் விதி தளர்ந்தது. சார்லஸ் ராஜாவுக்கு அன்று நாடாளுமன்றம் கொடுக்க மறுத்த அதே விலக்கு அதிகாரம், ஆயர்களிடம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.